மீன் பிடிபட்ட பிறகும் கேமரா ஓடட்டும்

அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சின்ன அருவி ஒன்றின் உச்சியில் ஒரு கரடி கழுத்தை நீட்டியபடி நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. அந்த வாய்க்கு நேராக, தொட்டும் தொடாமலும், ஒரு சால்மன் மீன் காற்றில் நிற்கிறது. டாமஸ் மாங்கெல்சன் 1988 ஜூலையில் அலாஸ்காவின் ப்ரூக்ஸ் அருவியில் எடுத்த படம். 'கேட்ச் ஆஃப் தி டே' என்று பெயர். காட்டுயிர்ப் புகைப்படங்களில் இதைவிடப் பிரபலமானவை சிலதான் இருக்கும்.

நல்ல படம்தான், அதில் சந்தேகமில்லை. கரடியின் தலையும் மீனும் மட்டும் வரவேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கேற்ப ஃப்ரேம் வைத்து, மணிக்கணக்காகக் காத்திருந்து எடுத்தது. ஃபிலிம் காலம் என்பதால், பிலிம் ரோலைக் கழுவிப் பார்த்த பிறகுதான் அந்தக் கணம் சிக்கியிருப்பதே அவருக்குத் தெரிந்தது. உழைப்புக்கு உரிய மரியாதை கொடுத்துவிடலாம்.

என் புகார் அந்தப் படத்தின் மேல் அல்ல, அதற்குப் பின்னால் வந்த பழக்கத்தின் மேல். சால்மன் ஆறு என்றாலே 'பிடிக்கும் கணம்' என்று ஆகிவிட்டது. ஆவணப்படம், காலண்டர், சுற்றுலா விளம்பரம், முப்பது விநாடி ரீல் எல்லாமே அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கின்றன. பிடித்ததும் வெட்டிவிட்டு அடுத்த கரடிக்குப் போய்விடுகின்றன. ஆற்றில் நடக்கும் விஷயங்களில் முக்கால்வாசி அந்த நொடிக்கு முன்னாலும் பின்னாலும்தான் நடக்கிறது. அதனால் இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: மீன் பிடிபட்ட பிறகு கேமரா எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது?

முதலில் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டில் வாழ்வதை க்ரிஸ்லி என்பார்கள், கடலோரத்தில் சால்மன் தின்று பெருத்ததைப் பழுப்புக் கரடி என்பார்கள். இரண்டும் ஒரே இனம். சாப்பாடுதான் வித்தியாசம். ப்ரூக்ஸில் ஒரு வளர்ந்த ஆண் கரடி இலையுதிர் காலத்தில் 450 கிலோவைத் தாண்டும். உள்நாட்டுக் கரடி அவ்வளவு பெருப்பதில்லை. உடம்பின் அளவே ஆற்றைப் பொறுத்தது என்பதால், கரடியை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

டிஸ்னியின் கரடி

2014-ல் டிஸ்னிநேச்சர் வெளியிட்ட 'பேர்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். அலஸ்டேர் ஃபாதர்கில், கீத் ஸ்கோலி இருவரும் இயக்கியது. கட்மாய் கடற்கரையில் ஸ்கை என்ற தாய்க்கரடி, ஆம்பர், ஸ்கௌட் என்ற இரண்டு குட்டிகள். குகையிலிருந்து இறங்கி, பனிச்சரிவைத் தாண்டி, ஓநாயிடமிருந்தும் பெரிய ஆண் கரடிகளிடமிருந்தும் தப்பி, சால்மன் நிறைந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் கதை.

ஒளிப்பதிவு அபாரம். தாய்க்கரடி அலை வாங்கிய கரையில் சிப்பி தோண்டும் காட்சிகளைப் பார்த்தால், சால்மன் வரும் முன் ஒரு கரடி எத்தனை விதமாக வயிற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது என்பது புரியும். இந்த இடங்களில் படம் உண்மையாகவே ஏதோ சொல்கிறது. ஆனால் கதை சொல்லும் குரல் ஒரு நிமிடம் கூடச் சும்மா இருப்பதில்லை. ஜான் சி. ரைலி ஜோக் அடிக்கிறார், குட்டியின் மனசுக்குள் புகுந்து பேசுகிறார். சால்மன் இங்கே பரிசுக் கோப்பை மாதிரி: கஷ்டப்பட்டால் கிடைக்கும், கிடைத்ததும் சுபம். கட்மாய் மாதிரி கரடிகள் நெருக்கமாக வாழும் இடங்களில் பிறக்கும் குட்டிகளில் கணிசமான பங்கு முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. படத்தில் இரண்டு குட்டிகளும் பத்திரம். குழந்தைகள் பார்க்கும் படம், சரிதான். ஆனால் மீன்? அதற்கும் ஒரு கதை இருக்கிறதே. கடலில் சில வருடம் வளர்ந்து, பிறந்த ஆற்றைத் தேடி வந்து, சாப்பாடே இல்லாமல் மேலேறி, முட்டையிட்டுச் சாகிற ஒரு உயிர். அது படத்தில் வெறும் தீனி.

ஹெர்சாக் நிறுத்திய இடம்

இதற்கு நேர் எதிர்த் திசையில் வெர்னர் ஹெர்சாக்கின் 'க்ரிஸ்லி மேன்' (2005). திமோத்தி ட்ரெட்வெல் பதிமூன்று கோடைகாலம் கட்மாயில் கரடிகளோடு இருந்தார். 2003 அக்டோபரில் அவரும் அவருடைய தோழி ஏமி ஹுகனார்டும் கரடியால் கொல்லப்பட்டார்கள். அவர் விட்டுச்சென்ற நூறு மணி நேரத்துக்கும் மேலான வீடியோவிலிருந்து ஹெர்சாக் படத்தைக் கட்டினார்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மரணத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, மழை பெய்யாத கோடை. ஆற்றில் தண்ணீர் குறைந்து சால்மன் மேலேற முடியவில்லை, கரடிகள் பட்டினி. ட்ரெட்வெல் கூடாரத்துக்குள் உட்கார்ந்து எல்லா மதக் கடவுள்களையும் கூப்பிட்டு மழை கேட்டுக் கத்துகிறார். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் கரடியின் விதி என்று சொல்லும் காட்சி, நான் பார்த்த கரடிப் படங்களில் இது ஒன்றுதான்.

இன்னொன்று, ட்ரெட்வெல் பேசி முடித்து ஃப்ரேமை விட்டு வெளியே போன பின்னாலும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும் துண்டுகள். புல் காற்றில் ஆடுகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. ஹெர்சாக் அங்கே நிறுத்தி, இந்தக் காலிக் காட்சிகளுக்கு என்று ஓர் அழகு இருக்கிறது என்கிறார். சரியாகப் பிடித்தார். ஆனால் மறு நிமிடமே மனிதனின் கதைக்குத் திரும்பிவிடுகிறார். படம் ட்ரெட்வெல்லைப் பற்றியது, ஆற்றைப் பற்றியது அல்ல. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலிக் காட்சியை நீட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

நேரலை: ஒன்றும் நடக்காததன் பலன்

அதற்குப் பதில் 2012-ல் வந்தது. எக்ஸ்ப்ளோர் என்ற அமைப்பு ப்ரூக்ஸ் ஆற்றில் நேரலைக் கேமராக்களை வைத்தது. ப்ரூக்ஸ் ஏரிக்கும் நாக்னெக் ஏரிக்கும் நடுவில் ஓடும் இரண்டரை கிலோமீட்டர் கூட இல்லாத ஆறு. அருவியின் உயரம் சுமார் 6 அடி. அலாஸ்கா நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஜூலையில் நீங்கள் காலைக் காபியோடு திறந்தால் அங்கே முந்தின நாள் மாலை, வெளிச்சம் தாராளமாக இருக்கும்.

முதல் பத்து நிமிடம் போரடிக்கும். கரடி நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. மீன் குதிக்கிறது, கரடிக்கு இரண்டு கை தள்ளி விழுகிறது. மாங்கெல்சன் படம் காட்டாத விஷயம் இதுதான்: பெரும்பாலான தாவல்கள் கரடி வாய்க்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கரடிக்கும் ஒரு கைத்தொழில் இருப்பது தெரியும். சிலது அருவி உச்சியில் நிற்கும். சிலது கீழே நுரை பொங்கும் குழியில் உட்கார்ந்து, தண்ணீருக்கடியில் காலால் மீனை அமுக்கும். சிலது தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடிக்கொண்டே நடக்கும். சிலது பிடிக்கவே பிடிக்காது, பிடித்ததைப் பிடுங்கும். இன்னும் சிலது பெரிய கரடிக்குப் பக்கத்தில் போய் நின்று மிச்சத்துக்குக் காத்திருக்கும். நல்ல இடம் பலமான கரடிக்கு. அது வந்தால் மற்றது எழுந்து இடம் விடும், பெரும்பாலும் சண்டையே வராது.

பிடித்த பிறகு நடப்பதையும் இங்கே பார்க்கலாம். மீன் குறைவாக இருக்கும்போது கரடி தலை முதல் வால் வரை தின்னும். மீன் கொட்டிக் கிடக்கும்போது தோல், மூளை, முட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பார்ப்பவருக்கு வீணடிப்பு மாதிரித் தெரியும். அது கணக்கு. கொழுப்பு எங்கே இருக்கிறதோ அதை மட்டும் எடுத்தால் அதே வயிற்றில் கூடுதல் சக்தி போகும். குளிர்கால உறக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கரையப்போகிறது, அதற்கான சேமிப்பு இது. விட்ட மீதியைக் கடற்பறவையும், சின்னக் கரடியும் முடித்துவைக்கும். எந்த எடிட்டரும் இதை முழுசாக வைக்கமாட்டார்.

என் கணக்கில் இதுவரை வந்த சால்மன் ஆற்றுப் படைப்புகளில் ஆகச் சிறந்தது, இயக்குநரே இல்லாத இந்த நேரலைதான்.

தேர்தல் வந்தது

ஆனால் மனசு சும்மா இருக்குமா? 2014-ல் மைக் ஃபிட்ஸ் என்ற வனப் பூங்கா ரேஞ்சர் ஒரு நாள் விளையாட்டாகத் தொடங்கியது, அடுத்த ஆண்டே 'ஃபேட் பேர் வீக்' ஆனது. எந்தக் கரடி நன்றாகக் கொழுத்தது என்று இணையத்தில் ஓட்டு. 2023-ல் 13 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. ஓடிஸ் என்ற வயதான கரடி நான்கு முறை ஜெயித்தது. 747 என்ற எண்ணுள்ள கரடி இரண்டு முறை.

இதை எதிர்ப்பது சுலபம்: காட்டுயிரை ரியாலிட்டி ஷோ ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கொழுப்பு என்ற சொல்லைக் கேலியிலிருந்து எடுத்துப் பிழைப்பின் அளவுகோலாக மாற்றியது இந்தப் போட்டி. ஜூலைப் படத்தையும் செப்டம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு குழந்தைக்கு, ஆறு என்ன செய்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஓட்டுக்குக் கதாநாயகன் தேவைப்படுகிறது. 2024 ஜூலையில் க்ரேஸர் என்ற பெண் கரடியின் குட்டிகள் அருவியில் அடித்துக்கொண்டு போனபோது, 32 என்ற பெரிய ஆண் கரடி தாக்கியதில் ஒரு குட்டி இறந்தது. அக்டோபர் இறுதிப் போட்டியில் அதே இருவரும் மோதினார்கள், க்ரேஸர் ஜெயித்தது. உடனே 'தாயின் பழிவாங்கல்' என்று தலைப்புகள். தமிழ் சினிமா க்ளைமாக்ஸ் தோற்றுப்போகும்! கரடிக்கோ அப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் 402 என்ற பெண் கரடியை 469 என்ற ஆண் கரடி கேமரா முன்னாலேயே கொன்றது. போட்டி அட்டவணை வெளியீட்டை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். ஆனால் அதை மறைக்கவில்லை, கொலை என்றும் சொல்லவில்லை, நடந்தது என்ன என்று உட்கார்ந்து பேசினார்கள். நேரலை தன் தரத்தைக் காப்பாற்றியது அந்த நாளில்தான்.

கேமராவுக்கு முன்னும் வெளியும்

நேரலைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அருவியில் கேமரா வைத்தால் கதை அருவியிலிருந்துதான் தொடங்கும். ப்ரூக்ஸுக்கு வரும் சாக்கை சால்மன் முதலில் பிரிஸ்டல் விரிகுடாவைத் தாண்டி வரவேண்டும். உலகின் மிகப் பெரிய சாக்கை சால்மன் வருகை அங்கேதான். 2022-ல் சுமார் 7.9 கோடி மீன் வந்தது, அதில் சுமார் 6 கோடியை மீன்பிடிப் படகுகள் எடுத்தன. அதாவது கரடிக்கு முன்னால் வலை இருக்கிறது. ஆற்றோரக் கோபுரங்களில் ஆட்கள் நின்று மேலேறும் மீனை எண்ணுகிறார்கள். போதுமான மீன் மேலே போகும்படி பார்த்துத்தான் படகுகளுக்கு அனுமதி. இந்த எண்ணும் வேலை இல்லாவிட்டால் ஓடிஸும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆனால் மீன் எண்ணுகிறவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? அதே விரிகுடாவின் தலைமாட்டில் பெப்பிள் என்ற பெரிய செம்பு, தங்கச் சுரங்கம் திட்டமிடப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை 2023 ஜனவரியில்தான் தடுத்தது. பல வருட இழுபறி. அருவிக் கேமராவில் இதன் நிழல்கூட விழவில்லை.

இன்னொரு உதாரணம் கோடியாக் தீவு. 2014-ல் வசந்தம் சூடாக இருந்ததால் எல்டர்பெரி என்ற சிவப்புப் பழம் சீக்கிரமே பழுத்தது, சால்மன் வரும் அதே நேரத்தில். கரடிகள் என்ன செய்தன? மீன் நிறைந்த ஓடைகளை விட்டுவிட்டு மலைச்சரிவில் பழம் தின்னப் போய்விட்டன. 2017-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சால்மனில் புரதம் அதிகம். கரடி எடை கூட்ட, மிதமான புரதமுள்ள சாப்பாடு தோதாக இருக்கிறது, பழம் அதற்குப் பொருந்துகிறது. 'கரடி என்றால் சால்மன்' என்று நாற்பது வருடமாகப் படம் காட்டியவர்கள் அந்த வருடம் அந்த ஓடையில் கேமரா வைத்திருந்தால், மீன் மட்டும் நீந்துவதைத்தான் எடுத்திருப்பார்கள். உண்மையான செய்தி அந்தக் காலி ஓடையில்தான் இருந்தது.

வெண்தலைக் கழுகும் ஒரு பழைய கணக்கும்

கழுகுக்கு வருவோம். ஆங்கிலப் பெயரை அப்படியே 'மொட்டைக் கழுகு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதற்கு மொட்டை கிடையாது, வெள்ளைத் தலை. வெண்தலைக் கழுகு என்பதே சரி. தமிழில் நாம் கழுகையும் பிணந்தின்னிக் கழுகையும் பிரித்துப் பேசுகிறோம், முதலாவதுக்கு மரியாதை, இரண்டாவதுக்கு முகச்சுளிப்பு. இந்தப் பறவை அந்தப் பிரிவைக் கலைத்துவிடும். பாய்ந்து மீன் பிடிக்கும், சரி. ஆனால் செத்த மீனையும் தின்னும், அடுத்த பறவையிடமிருந்தும் பிடுங்கும். சால்மன் ஆற்றில் அதற்கு முக்கியச் சாப்பாடே முட்டையிட்டுச் செத்து ஒதுங்கிய மீன்தான்.

அலாஸ்காவில் ஹெய்ன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் சில்காட் ஆறு. நிலத்தடியிலிருந்து மிதமான சூட்டில் தண்ணீர் ஊறுவதால் குளிர்காலத்தில் அந்த ஆற்றின் ஒரு பகுதி உறைவதில்லை. அங்கே சம் சால்மன் தாமதமாக வரும். மற்ற ஆறுகள் உறைந்த பிறகு கழுகுகளுக்கு அதுதான் சமையலறை. நல்ல வருடத்தில் மூவாயிரம் வரை கூடும். 1982-ல் இதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். அங்கே எடுக்கும் படங்களில் அதிகம் பரவுவது, இரண்டு கழுகு காற்றில் நகம் கோத்துச் சண்டை போடுவது. ஆனால் அங்கே பெரும்பாலான நேரம் நடப்பது மரக்கிளையில் சும்மா உட்கார்ந்திருப்பது. குளிரில் சக்தியை மிச்சம் பிடிக்க வேண்டுமல்லவா?

சினிமாக்காரர்கள் இந்தப் பறவையின் குரலைக்கூட விட்டுவைக்கவில்லை. வெண்தலைக் கழுகின் நிஜக் குரல் மெலிந்த சீழ்க்கை மாதிரி இருக்கும். கம்பீரம் போதாது என்று சிவப்புவால் பருந்தின் அலறலை எடுத்து ஒட்டுவது ஹாலிவுட்டின் பழைய வழக்கம். படத்துக்காகக் குரலையே மாற்றுகிறவர்கள் நடத்தையை மட்டும் அப்படியே காட்டுவார்களா?

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை என்பதற்கு ஒரு சான்று. 1917 முதல் 1953 வரை அலாஸ்காவில் கழுகைக் கொன்றால் அரசு பணம் கொடுத்தது. கழுகு சால்மனைத் தின்று தீர்க்கிறது என்பது குற்றச்சாட்டு. தொடக்கத்தில் ஒரு கழுகுக்கு ஐம்பது சென்ட், கடைசியில் இரண்டு டாலர். ஒரு லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். 1940-ல் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட அலாஸ்காவுக்கு விலக்கு. இத்தனைக்குப் பிறகு சால்மன் பெருகியதா? இல்லை. 1953-ல் அலாஸ்காவின் மீன்பிடி ஊர்களைப் பேரிடர்ப் பகுதி என்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அறிவிக்க வேண்டியிருந்தது. மீனைக் காலி செய்தது அளவு மீறிய மீன்பிடிப்பு. ஆற்றுவாயில் பெரிய பெரிய பொறி வைத்து அள்ளினார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது கழுகின் காலில் இருந்த மீன். பிடிக்கும் கணத்தை மட்டும் பார்த்த கண், குற்றவாளியையும் அங்கேயே கண்டுபிடித்துவிட்டது.

படம் எடுக்க எதுவும் இல்லாத ஆறு

கரடி காட்டுக்குள் இழுத்துப் போய் விட்ட மீனின் கதை ஒன்று உண்டு. கடலிலிருந்து வரும் நைட்ரஜனில் கனமான ஐசோடோப் சற்றுக் கூடுதல். அந்தத் தடம் ஆற்றோர மரங்களிலும் பூச்சிகளிலும் கிடைத்திருக்கிறது. கனடாவில் டாம் ரைம்சென் போன்றவர்கள் வருடக்கணக்கில் இதைப் பின்தொடர்ந்தார்கள். மீன் மரமாகிறது என்று ஆவணப்படங்கள் இப்போது உருகி உருகிச் சொல்கின்றன. விஷயம் உண்மைதான். ஆனால் எல்லா ஆற்றிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. மண், மழை, ஓரத்து மரவகை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது.

இதே ஐசோடோப் முறையில் கொலம்பியா ஆற்றுப் படுகையில் நூறு வருடத்துக்கு முன் கொல்லப்பட்ட க்ரிஸ்லிகளின் எலும்பையும் முடியையும் சோதித்தார்கள். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே வாழ்ந்த அந்தக் கரடிகள் சால்மன் தின்றிருக்கின்றன. கிராண்ட் கூலி அணை 1942-ல் முடிந்தது, மீன் ஏற வழி வைக்கவில்லை. அதற்கு மேலே இருந்த கெட்டில் அருவி, பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த இடம், நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. மூழ்கும் முன் 1940 ஜூனில் பல பழங்குடியினர் அங்கே கூடி மூன்று நாள் துக்கம் அனுசரித்தார்கள். இன்று அங்கே நேரலைக் கேமரா வைத்தால் தெரிவது ஏரித் தண்ணீர் மட்டும்.

ஆகவே ப்ரூக்ஸ் அருவியைப் பார்க்கும்போது, அது 'இயற்கை இப்படித்தான் இருக்கும்' என்பதற்கான மாதிரி அல்ல, தப்பிப் பிழைத்த ஓர் இடம் என்று நினைத்துப் பார்ப்பது நல்லது. அணை கட்டாததால், மீனை எண்ணியதால், சுரங்கத்தைத் தடுத்ததால் கிடைக்கும் காட்சி அது. நல்ல ஆவணப்படம் என்றால் இந்த மூன்றில் ஒன்றாவது உள்ளே வரவேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. கரடியை வைத்து இன்னொரு படம் எடுக்க நினைக்கிறவர்கள் எண்ணும் கோபுரத்தில் நிற்கும் ஆளிடமிருந்து தொடங்கலாம்.

பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரும் ஜூலையில் அருவிக் கேமராவைத் திறக்கிறார்கள். நீங்கள் செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதிக் கேமராவைத் திறந்து பாருங்கள். தாவல் இருக்காது. முட்டையிட்டு முடித்த மீன் சிவந்து, தளர்ந்து, நீரோட்டத்தில் மிதந்து வரும். பெருத்த கரடி ஒன்று அவசரமே இல்லாமல் நடந்து வந்து, அதைக் கையால் அணைத்து எடுக்கும். காலண்டரில் போடமுடியாத காட்சி. அரை மணி நேரம் இருந்து பாருங்கள்.